டிரைவர் திலகவதியும் ஒரு நாள் இங்கிலீஷும்

வல்லத்திராக்கோட்டை திலகவதிக்கு ஸ்டீயரிங்கைப் பிடித்தால் வருகிற நிதானம் வேறு எதிலும் வராது. சாப்பாடு, பேச்சு, கோபம், சிரிப்பு எல்லாமே பாய்ச்சல்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவள், கணவன் ஆனந்தராஜோடு சேர்ந்து பழைய டிசையர் கார் ஒன்றை வாங்கினாள். வண்டி வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டது. யார் சொன்னது என்கிறீர்களா? அவளேதான், ஒவ்வொரு வாசலிலும் வண்டியை நிறுத்தி நிறுத்தி.

அந்தக் காருக்கு நிரந்தரமாக ஒரு வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. திருமயத்துக்குப் பக்கத்து ஊரில் லக்ஷ்மணன் என்பவர், தம் பாட்டனார் கட்டிய பெரிய வீட்டை வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஓட்டலாக மாற்றியிருந்தார். அவர்களைக் கோட்டைக்கும் சித்தன்னவாசலுக்கும் கூட்டிப்போக ஒரு கார் தேவைப்பட்டது. திருச்சி டாக்ஸி கம்பெனி ஒன்று வரத் தயாராக இருந்தது.

"நீங்க வண்டி நல்லா ஓட்டுறீங்க, அதுல கொறையே இல்ல," என்றார் லக்ஷ்மணன். "ஆனா கெஸ்ட்டுகிட்ட இங்கிலீஷ்ல பேசணும். அடுத்த மாசம் ஒரு நாள் ட்ரையல் தாரேன். சரியா வந்தா வருஷம் பூரா ஒங்க வண்டிதான். வரலேன்னா திருச்சி வண்டி."

புத்தியுள்ளவர்கள் முதலில் ட்ரையல் முடியட்டும் என்று இருந்திருப்பார்கள். திலகவதி மறுநாளே வேன் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள். விராலிமலைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்த ஆனந்தராஜ், செய்தியைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஒனக்கு இங்கிலீஷ் எங்க தெரியும்?"

"தெரியாமத்தானங்க ஒரு மாசம் இருக்கு."

போனில் பாடம் பார்க்க ஆரம்பித்தாள். பெரிய வார்த்தைகளெல்லாம் சொன்னபடி கேட்டன. இந்தத் துக்கடா வார்த்தைகள்தான் உயிரை வாங்கின. கார் என்றால் 'இன்' போடணுமாம், பஸ் என்றால் 'ஆன்' போடணுமாம். இது என்ன நியாயம் என்று கணவனைப் பிடித்துக்கொண்டாள். "பஸ்ஸுலயும் உள்ளதானங்க உக்காருறோம். கூரை மேலயா உக்காருறோம்?"

"தீபாவளிக்கு நான் கூரை மேலதான் வந்திருக்கேன்," என்றான் ஆனந்தராஜ், சாப்பிட்டுக்கொண்டே.

அவன் விளையாட்டுக்குச் சொன்னான். அவள் அதையே பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து பஸ் என்றதும் கூரைமேல் உட்கார்ந்திருக்கும் ஆனந்தராஜ் கண்ணில் வந்துவிடுவான், 'ஆன்' தானாக நாக்கில் வந்துவிடும். ஆள் 'டால்', மலை 'ஹை' என்று பிரிப்பதற்கு, விராலிமலைக்குப் பக்கத்தில் நெட்டையான தன் மச்சினனை மனசுக்குள் நிறுத்திவைத்துக்கொண்டாள். சரியான வார்த்தை சரியான இடத்தில் உட்கார்ந்துவிட்டால் அவளுக்கு ஏற்படும் சந்தோஷம் இருக்கிறதே, பிள்ளை முதலடி எடுத்துவைத்ததைப் பார்த்த தாய்க்குக்கூட அவ்வளவு இருக்காது.

ட்ரையல் நாளும் வந்தது. அயர்லாந்திலிருந்து வந்த ஹெலன், டேவிட் என்ற வயதான தம்பதி. திருமயம் கோட்டையை ஒட்டி ரோட்டோரத்தில் இருக்கும் பைரவர் கோயிலில் வண்டியை நிறுத்தினாள் திலகவதி. அந்த வழியாகப் போகிற டிரைவர்கள் நிறுத்திக் கும்பிடாமல் போகமாட்டார்கள். ஏன் நிறுத்தினாய் என்று டேவிட் கேட்டார். 'இன் த ரோடு' என்றால் சாமி நடுரோட்டில் நிற்பது போல ஆகிவிடும். ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, "காட் பை த ரோடு, சார். டிரைவர்ஸ் காட்," என்றாள்.

"ஆ, பை த ரோடு," என்று டேவிட் தலையாட்டினார். திலகவதிக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்புறம் அவள் வாயை மூடினாளா? கோட்டை, குளம், ஆடு, புளியமரம் எதையும் விட்டுவைக்கவில்லை. இளநீர் வாங்கிக்கொடுத்து, உள்ளே இருக்கும் வழுக்கையை எப்படிச் சுரண்டுவது என்றுகூட இங்கிலீஷில் சொன்னாள். ஹெலன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஓட்டல் வாசலில் இறக்கிவிட்டு, இரண்டு கையையும் குவித்து, "ஓகே மேடம், ஓகே சார். ஐ ஆம் கமிங்," என்றாள். இருவரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். வேலை கிடைத்த மாதிரிதான் என்று பாட்டுப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

நமணசமுத்திரத்தில் டீக்கு நிறுத்தியபோது லக்ஷ்மணன் கூப்பிட்டார். குரலில் சூடு இருந்தது.

"எங்க இருக்கீங்க? ரெண்டு பேரும் வாசல்லயே உக்காந்திருக்காங்க. டீ வேணாங்கிறாங்க, ஷூவைக் கழட்ட மாட்டேங்கிறாங்க. டிரைவர் வாரேன்னு சொல்லிட்டுப் போச்சுங்கிறாங்க."

"ஆமா சார். வாரேன்னு சொல்லிட்டுத்தானே சார் வந்தேன்."

"அதை அப்புடியே இங்கிலீஷ்ல சொன்னீங்களா?"

டீ கிளாஸை அப்படியே பெஞ்சில் வைத்தாள் திலகவதி. நம் பக்கத்தில் கிளம்புகிறவர் யாராக இருந்தாலும் 'வாரேன்' என்றுதானே சொல்லிக் கிளம்புவார்? அதைப் போய் யார் புத்தகத்தில் பார்த்துச் சரிசெய்யப் போகிறார்கள்?

"வயசானவங்களை இப்புடிக் காக்க வச்சா ஓட்டல் பேரு என்ன ஆகும்? நாளைக்குத் திருச்சி வண்டிக்குச் சொல்லிட்டேன். நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருங்க," என்று வைத்துவிட்டார்.

டீயைக் குடிக்காமல் வண்டியைத் திருப்பினாள். விட்டுவந்த வேன் வேலை ஞாபகம் வந்து அழுகை முட்டியது. வேலை போனது ஒரு பக்கம்; அந்த அம்மாவை வெறும் வாசலில் உட்காரவைத்துவிட்டோமே என்பது இன்னொரு பக்கம்.

அவளைக் கண்டதும் இருவரும் எழுந்து நின்றார்கள், தொப்பியோடும் தண்ணீர் பாட்டிலோடும். அடுத்து எங்கே என்று டேவிட் ஆவலாகக் கேட்டார்.

லக்ஷ்மணன் பக்கத்தில் வந்து மெதுவாக, "ஐ ஆம் கோயிங்னு சொல்லிருங்க. அம்புட்டுத்தான், புரிஞ்சுக்குவாங்க," என்றார்.

திலகவதி வாயைத் திறந்தாள். 'ஐ ஆம்' வரைக்கும் வந்தது; 'கோயிங்' வரவில்லை. கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பிய நாளில்கூட ஆனந்தராஜிடம் அவள் வாரேன் என்றுதான் சொன்னாள். நாளெல்லாம் கூடவே சிரித்த இந்த முகங்களைப் பார்த்துப் போறேன் என்பதா? இங்கிலீஷாக இருந்தாலும் போறேன், போறேன்தானே.

"மேடம்," என்றாள். "மை பிளேஸ், நோ கோயிங். டெட் பீப்பிள் கோயிங். ஐ ஸே கமிங். டுடே டிரிப் ஃபினிஷ். யூ, மீ, நாட் ஃபினிஷ். சாரி, மேடம். யூ வெயிட், ஐ கிரை."

ஒரு மாதம் படித்த துக்கடா வார்த்தைகளில் ஒன்றுகூட அதில் இல்லை. எல்லாம் பறந்துவிட்டது. கண்ணீர் மட்டும் கன்னத்தில் இறங்கியது.

ஹெலன் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு, "சோ, வென் ஆர் யூ கமிங்?" என்று கேட்டார்.

கேள்வி புரிந்தது. பதில் சொல்லும் உரிமை அவளிடம் இல்லை. அவள் லக்ஷ்மணனைப் பார்த்தாள். ஹெலனும் திரும்பி அவரைப் பார்த்தார், அதே கேள்வியோடு. கையை மட்டும் விடவில்லை.

லக்ஷ்மணன் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப்போனார். "நாளைக்கு வண்டி அனுப்ப வேணாம்ங்க," என்பது கேட்டது. கொஞ்சம் இடைவெளி விட்டு, "இல்லைங்க, இனிமேயும் வேணாம். இங்கயே ஆள் இருக்கு," என்பதும் கேட்டது.

திரும்பி வந்தவர், "காலையில ஆறு மணிக்கு வண்டி இங்கிட்டு நிக்கணும்," என்றார்.

"சரி சார்," என்றாள் திலகவதி. கிளம்ப வேண்டும் என்பதையே மறந்து, ஹெலனின் கையைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.

"அதான் சொல்லியாச்சுல்ல," என்று லக்ஷ்மணனே சிரித்துக்கொண்டு சொல்ல வேண்டியதாயிற்று. "வீட்டுக்குப் போயிட்டு வாங்க."