சங்கிலியில் ஓடிய மீன்

மூன்றாம் மாடி டீச்சரம்மா தன் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பெருமையடிக்காத நாளே கிடையாது. "வாங்கி ஒன்பது வருஷம் ஆச்சு. செயின் ஒரு நாள் கூட முனகினது இல்ல. ராசியான வண்டி" என்பார். கேட்டுக்கொண்டு நிற்கும் மீட்டர்காரர், "ஆமாங்க, சில வண்டிக்கு அப்படி ஒரு குணம்" என்று முகம் மாறாமல் சொல்லிவிட்டுப் படியேறுவார். பின்னால் வரும் அவர் மனைவிதான் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், தெரு இன்னும் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும்போதே மீட்டர்காரர் கீழே வண்டிக் கொட்டகைக்குப் போய்விடுவார். தன் வண்டியின் செயினைத் துடைத்து எண்ணெய் விட்ட கையோடு, டீச்சரம்மாவின் வண்டிக்கும் அதே பணிவிடை நடக்கும். டீச்சரம்மா தனி ஆள். முட்டி வலி, குனிய முடியாது. வாய்விட்டு உதவி கேட்கிற சுபாவமும் இல்லை.

"சொல்லிட்டே செய்யலாமே" என்று மனைவி ஒருமுறை கேட்டாள்.

"சொன்னா அடுத்த வாரம் காபி வரும். அதுக்கடுத்த வாரம் பிஸ்கட்டும் சேர்ந்து வரும். பாவம், அவங்களுக்கு எதுக்கு அந்த வேலை?"

வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எண் குறித்துக்கொண்டு வருவதுதான் அவர் உத்தியோகம். இருபத்தாறு வருஷம் அந்த ஒரே வண்டியில் ஊரைச் சுற்றியவர். மீட்டருக்குள் சுழலும் சின்னச் சக்கரத்தைப் பார்த்தே எந்த வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட கண்ணில்தான் ஒரு வருஷம் மெல்லப் பனி இறங்கியது. எட்டு மூன்றானது, மூன்று எட்டானது. ஆபீஸில் மரியாதையாக வீட்டில் இருக்கச் சொன்னார்கள். வண்டி ஓட்டுவதும் அதோடு நின்றது.

"கண்ணு போனா போகட்டும், கை எங்கயும் போகலையே" என்றார் அவர். அன்று முதல் செயின் வேலையை விரலாலேயே செய்யப் பழகிக்கொண்டார். ஒவ்வொரு கண்ணியாகத் தடவிக்கொண்டு போகும்போது அவர் உதடு அசையும். மனைவியும் காலையில் அப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய உட்கார்ந்திருப்பாள். இரண்டில் எது பிரார்த்தனை, எது இல்லை என்று பிரித்துச் சொல்ல அவளுக்குத் தெரியாது.

மகளுக்கு வெளியூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது அந்தச் சமயத்தில்தான். இரண்டு மணி நேர வழி. அப்பாவின் வண்டி இனி அவளுக்கு என்று முடிவானது. ஞாயிறு மாலை நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும்.

"புது செயின் போட்டுத்தான் அனுப்புவேன். என் கையால" என்றார்.

"அப்பா, மெக்கானிக் போட்டா ஓடாதா?"

"மெக்கானிக் அவன் பொண்ணுக்கா போடுறான்?"



ஞாயிறு காலை பழைய செயின் கழன்று, மண்ணெண்ணெய்த் தட்டில் சுருண்டு படுத்தது. கொட்டகையின் தகரத்தில் இருந்த ஓட்டைகள் வழியாக வெயில் காசு காசாக விழுந்தது. மனைவி எதிரே உட்கார்ந்து கேட்டதை எடுத்துக் கொடுத்தாள். சட்டைத் தையலகத்துக்காக வீட்டிலேயே பொத்தான் தைப்பவள். பொடிப் பொருள்கள் அவள் கைக்குப் பழக்கம்.

புதுச் செயினைப் பல்சக்கரங்களில் சுற்றி, இரண்டு முனையையும் சேர்த்து, கடைசியில் ஒரு சின்னக் கிளிப்பால் பூட்ட வேண்டும். நகம் அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் உருண்டை, மறுபக்கம் பிளந்த வால். மகள் சின்னதாக இருந்தபோது அதற்கு மீன் என்று பேர் வைத்தாள். அது முதல் அந்த வீட்டில் அதற்கு வேறு பேர் இல்லை. செயின் ஓடுகிற திசையில் மீனின் தலை இருக்க வேண்டும். வால் முன்னால் இருந்தால், ஓட்டத்தில் எதிலாவது மாட்டிப் பிடுங்கிக்கொள்ளும். நடுரோட்டில் செயின் அறுந்து விழும்.

"தலை எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே அவர் தானே பதிலும் சொன்னார். "முன்னால. எப்பவும் முன்னால."

டக்கென்று மீன் உட்கார்ந்தது. மனைவி சக்கரத்தைச் சுற்ற, அவர் எண்ணெயைச் சொட்டு சொட்டாக விட்டார். இரண்டு விரலால் செயினைத் தூக்கி, ஆட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். மகளுக்குத் தலை வாரி முடித்தவர் போல ஒரு பெருமூச்சு விட்டார்.

சாப்பிட்டபின் அவர் கண்ணயர்ந்தார். அவளும் சட்டைக் குவியலில் சாய்ந்தாள். அரைத் தூக்கத்தில் ஒரு வாய்க்கால் வந்தது. தண்ணீர் கறுப்பாக, மினுமினுப்பாக, சத்தமில்லாமல் போனது. அதில் ஒரு சின்ன மீன். அவள் பக்கம்தான் வந்தது. ஆனால் முகத்தைக் காட்டவே இல்லை. வாலை முன்னால் நீட்டிக்கொண்டு பின்பக்கமாகவே வந்தது. அவள் கண்ணைத் திறந்து எழுந்து உட்கார்ந்தாள்.

காலையில் சக்கரம் சுற்றும்போது பார்த்ததுதான் அது. பார்த்தும் மனதில் பதியாமல் போயிருக்கிறது. இருபத்தாறு வருஷமும் அவர் மேல் வரிசையில்தான் மீனை மாட்டியிருக்கிறார். மேலே செயின் முன்னால் ஓடும். இன்றைக்குக் கண் போதாமல், தரையோடு உட்கார்ந்து கீழ் வரிசையில் மாட்டினார். கீழே அது பின்னால் அல்லவா ஓடும்! கை பழைய பழக்கத்தில் தலையை முன்னால் வைத்துவிட்டது.

மணி மூன்று. மகள் உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவரை எழுப்பிச் சொல்லலாமா? சொன்னால் அவர் கோபப்பட மாட்டார். "அப்படியா" என்பார். அவ்வளவுதான், அப்புறம் இந்த ஜென்மத்தில் ஒரு செயினைத் தொட மாட்டார். கண்ணுக்குப் பின்னால் கையும் போன மாதிரி ஆகிவிடும். சொல்லாமல் விட்டாலோ, போவது பெற்ற பிள்ளை. கடவுளே, ரெண்டு பேரையும் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முனகிக்கொண்டே குறடை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

பின் பல்சக்கரத்தின் மேல் மீன் வந்து நிற்கும்வரை சக்கரத்தைத் திருப்பினாள். குறடால் நெம்பினாள். கிளிப்பின் மேல் துணி போட்டுக்கொண்டுதான் நெம்ப வேண்டும், இல்லாவிட்டால் தெறிக்கும் என்று அவர் நூறு தரம் சொல்லியிருக்கிறார். அது ஞாபகம் வந்ததும் 'ணிங்' என்று சத்தம் கேட்டதும் ஒன்றாக நடந்தது. மீன் போன இடம் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கடை எதுவும் கிடையாது. மண்டியிட்டுத் தரையைத் தடவினாள். வெயில் காசுகள் எல்லாம் மீனாகத் தெரிந்தன. தொட்டால் வெறும் வெளிச்சம்.

"என்னம்மா தேடுறீங்க?" கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு டீச்சரம்மா மெதுவாக இறங்கி வந்தார்.

"ஒரு மீன், டீச்சர்."

"மீனா? இந்த மண்ணெண்ணெய்லயா? உடம்பு சரியில்லையா உங்களுக்கு?"

அவள் விரல் நகத்தைக் காட்டி விளக்கினாள். டீச்சரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குனியாமலே, கையில் இருந்த குடையின் நுனியால் தன் வண்டிச் சக்கரத்தடியில் தட்டினார். "இங்க ஒண்ணு மின்னுது, பாருங்க. என் வண்டி பக்கத்துல வந்தாத்தான் எல்லாம் கிடைக்கும். சொன்னேனே, ராசியான வண்டி."

"ஆமாங்க. சில வண்டிக்கு அப்படி ஒரு குணம்" என்றாள் அவள். மீனை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

இந்த முறை துணியை மறக்கவில்லை. தலையை ஓடும் பக்கம் வைத்து, பொத்தானை ஓட்டையில் ஏற்றுவது போல அழுத்தினாள். டக்.

நாலு மணிக்கு அவர் இறங்கி வந்து, எல்லோரும் நிற்கும்போதே தரையில் உட்கார்ந்து, புதுச் செயினை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் சற்று நின்றது, பிறகு நகர்ந்தது. "கிளம்பும்மா" என்றார். வண்டி முனகாமல் தெருமுனை திரும்பியது. சத்தம் தேய்ந்து போகும்வரை அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறும் டீச்சரம்மாவின் வண்டிக்குப் பணிவிடை நடந்தது. மனைவி பேருக்கு எண்ணெய் டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த ஞாயிறுகள் மூன்று வருஷம் ஓடின.

நெஞ்சுவலி என்று அவரைக் கொண்டுபோனது மகள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குத்தான். மகள் தள்ளுவண்டியின் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டாள். மனைவி பக்கத்தில் நடந்தாள். கதவு வரைக்கும்தான் அவளை விட்டார்கள். அவர் கையை நீட்டினார். அவள் விரல்களை ஒவ்வொன்றாக, கண்ணி கண்ணியாகத் தடவினார்.

"அன்னிக்கு மீனைத் திருப்பி விட்டது நீதானே?" என்றார். "நல்லாத்தான் மாட்டியிருந்த. நின்னுக்கிட்டே இருக்காத, கால் வலிக்கும். போய் உக்காரு."