ஆணியில் தொங்கிய ரொட்டி

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இது நடந்தது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? நட்டநடுப் பகலில், அத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அறையில் நடந்தது. நான் அந்தப் படத்துக்கு விளக்குப் போட்டவன். ஆனால் கதை என்னுடையதல்ல, ஒலிப்பதிவு செய்த சவ்ரியுடையது.

எடுத்தது பேய்ப்படம். எங்கள் தாஜிகிஸ்தானில் ஊரும் ஊரும் சுட்டுக்கொண்டதே, அந்தப் போரில் செத்தவன் வீடு திரும்பித் தன் ரொட்டியைத் தின்கிறான். போருக்குக் கிளம்புகிறவன் ஒரு ரொட்டியை ஒரு கடி கடித்துவிட்டுப் போவான். மிச்சத்தை வீட்டார் சுவரில் மாட்டிவைப்பார்கள். அவன் வந்துதான் தின்று முடிக்க வேண்டும். வேறு யாராவது வாய் வைத்தால் அவன் வரும் வழி அடைபட்டுவிடும்.

சவ்ரி வீட்டிலும் அப்படி ஒரு ரொட்டி இருந்தது. அண்ணன் நுஸ்ரத் கடித்துவிட்டுப் போனபோது அவள் சின்னப் பெண். "சிட்டு" என்று அவளைக் கூப்பிட்டவன் அவன் ஒருவன்தான். பதினேழு வருஷமாகப் பிணமும் வரவில்லை, தகவலும் வரவில்லை. அப்பா போனார், அம்மாவும் போனாள். தலைநகர் துஷன்பேயில் நாலாவது மாடி வீட்டில் அவளும் அந்த ரொட்டியும்தான் பாக்கி. கல்யாணப் பேச்சை எடுத்தால், "அண்ணன் வரட்டும்" என்று வாயை அடைத்துவிடுவாள். வேலை முடிந்து போய் ரொட்டியிடம்தான் அன்றைய கதையைச் சொல்வாளாம். பாவம், பேச வேறு ஆள் ஏது?

அந்த ரொட்டியைத் துணியில் சுற்றிப் படப்பிடிப்புக்கே கொண்டுவந்துவிட்டாள்.

"ஒரு மாசம் அதத் தனியா விட்டுட்டு வர மனசு வரலைண்ணே" என்றாள் என்னிடம்.

இயக்குநர் கமோல் கண்ணில் பட்டதும் விடுவாரா? காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டார். சுவரில் தொங்குவதற்கு மட்டும் அது, தின்பதற்கு அதே மாதிரி வேறு ரொட்டி என்று பேசிய பிறகுதான் சம்மதித்தாள்.

வீட்டையும் அவள்தான் பிடித்தாள். வக்ஷ் ஆற்றுப் பக்கம் எத்தனையோ வீடு பார்த்தோம். ஒன்றில் நாய் குரைத்தது, ஒன்றில் டிராக்டர் சத்தம். பூட்டிக் கிடந்த ஒரு வீட்டில் மட்டும், காதில் ஹெட்போனை மாட்டியவள் அசையாமல் நின்றாள்.

"இங்கதான் எடுக்கணும். சத்தமே இல்ல."

சொந்தக்காரர் மிர்சோ ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தார். போனில் சம்மதம் கேட்டு, பக்கத்து வீட்டில் சாவி வாங்கினோம். சுவரில் ஆணிகூட இருந்தது. நாங்கள் ஒன்றும் அடிக்கவில்லை, ரொட்டியைத் துணியோடு அதிலேயே மாட்டினோம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தின்கிற காட்சி வந்தது. பேயாக நடித்த தொய்ர் தட்டைத் தள்ளிவைத்தான்.

"அக்கா, ரொட்டிய மாத்திக் குடுத்துத் தொலைச்சிராதீங்க. உங்க அண்ணன் பாவம் எனக்கு வேணாம்."

"பதினேழு வருஷ ரொட்டிடா. கடிச்சா உன் பல்லுதான் போகும். பேசாம நடி."

காட்சி நன்றாகவே முடிந்தது. முடிந்ததும், பின்னால் வசனத்துக்கு அடியில் சேர்க்க, அறையின் வெறும் அமைதியைக் கொஞ்ச நேரம் பதிவுசெய்வார்கள். யாரும் அசையக் கூடாது. கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து நின்றேன்.

சவ்ரி விரலை உயர்த்தினாள். அமைதி.

கர்க்...

அவள் முறைத்தாள். "யாரு மெல்லுறது?"

தொய்ர் வாயைத் திறந்து காட்டினான். காலி. அவன் ரொட்டி தட்டில் கிடந்தது.

கர்க்... கர்க்...

எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. அவள் காதில் மட்டும், பிறகு அவளே சொன்னது.

காய்ந்த ரொட்டி. நாள்கணக்கில் பட்டினி கிடந்தவன் மெல்லுகிற வேகம்.

நின்றது.

ஒரு விழுங்கல்.

அப்புறம்...

"சிட்டு, தண்ணி."

"அண்ணா!" என்று அலறினாள்.

எல்லோரும் சுவரைப் பார்த்தோம்.

ஆணியில் துணி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ரொட்டி இல்லை. கீழே ஒரு துணுக்குகூடச் சிந்தவில்லை.

"எவன்டா எடுத்தது?" என்று கமோல் எல்லார் பையையும் கொட்டித் தேடினார். கதவில் நான் சாய்ந்திருந்தேன், ஒருத்தரும் வெளியே போகவில்லை. பதிவைப் போட்டுக் கேட்டோம். வெறும் அமைதி. சவ்ரி ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஆணிக்குக் கீழே வைத்தாள். இனி வீட்டில் எதற்காகக் காத்திருப்பாள்?

மூட்டை கட்டுகிற அன்று மிர்சோ ஊர் திரும்பினார். ஒலிப்பெட்டி மூடியில் சவ்ரி ஒட்டியிருந்த புகைப்படத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"இந்தப் பையன உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"எங்க அண்ணன்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இங்கதான்மா கெடந்தான். தொடையில குண்டு. வெளிய பனி, வீட்ல ஒரு பிடி மாவு இல்ல. பேரக் கேட்டேன், சொல்லல. அப்பல்லாம் பேரச் சொன்னாலே உயிர் போயிரும். ரொட்டி ரொட்டின்னே கேட்டான். கடைசி வரைக்கும் ஒரு துண்டு குடுக்க முடியல என்னால. பின்னாடி முசுக்கட்டை மரத்தடியிலதான் பொதைச்சேன்."

சவ்ரி வாய்விட்டு அழுதாள். அழுது ஓய்ந்து, சுவரைக் காட்டினாள்.

"அந்த ஆணி...?"

"அவன் அடிக்கச் சொன்னதும்மா. 'என் ரொட்டி வீட்ல தொங்குது, தங்கச்சி எடுத்துட்டு இங்க வருவா, மாட்டுறதுக்கு ஒரு ஆணி அடிச்சு வைங்க'ன்னான்."

மிர்சோ ஆணிக்குக் கீழே பார்த்தார்.

கிண்ணம் காலியாக இருந்தது.