பத்து மணிக்குச் சொன்ன பிரஞ்ச்

பிரஞ்ச் என்றால் என்னவென்று தங்கம்மாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சமைத்துச் சமைத்து அவளே கண்டுபிடித்ததுதான். காலையில் எழுந்திருக்க உடம்பு வணங்காதவர்கள், காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் ஒரே மூச்சில் முடித்துக்கொள்வதற்கு வைத்த பெயர் அது. ஆக்கிப் போடுகிறவளுக்கு மட்டும் அதே ஐந்து மணிக்கு விடிந்துவிட வேண்டும். இது எந்த ஊர் நியாயமோ!

சேலத்துக்கு மேலே மலையில், கரடியூர் போகிற வழியில் பழைய எஸ்டேட் பங்களா ஒன்று இருக்கிறது. காபித் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டு, பங்களாவை மட்டும் விருந்தினர் தங்கும் வீடாக மாற்றிவிட்டார் முதலாளி சந்திரசேகர். அவர் இருப்பது சென்னையில். சனிக்கிழமை வருகிறவர்கள் ஓர் இரவு தங்கி, ஞாயிற்றுக்கிழமை பிரஞ்ச் சாப்பிட்டுவிட்டு மலை இறங்குவார்கள். சமையல் தங்கம்மா. மேற்பார்வை அண்ணாதுரை. அவர் முன்னே அதே எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர், இப்போது மேனேஜர். தங்கம்மாவுக்கு அவர் என்றைக்கும் ரைட்டர்தான்.

முதலாளி போனிலேயே ஒரு சட்டம் போட்டிருந்தார். தோசை ஆறிப்போய் மேசைக்கு வரக்கூடாது. கெஸ்ட் உட்கார்ந்த பிறகுதான் கல்லில் மாவு விழ வேண்டும். அவர்கள் கை கழுவும்வரை சமையற்காரி அடுப்படியை விட்டு நகரக்கூடாது. கெஸ்ட் எப்போது உட்கார வேண்டும் என்று மட்டும் எந்தச் சட்டமும் கிடையாது.

தங்கம்மாவின் மகள் இலக்கியா சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் பத்தாவது படிக்கிறாள். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு மட்டும்தான் பிள்ளைகளைப் பார்க்க விடுவார்கள், மதியம் இரண்டிலிருந்து நான்கு மணிவரை. அப்பன் மூக்கன் குடகில் மிளகுத் தோட்டத்தில் கிடக்கிறான். வருஷத்துக்கு இரண்டு தடவை வந்தால் அதிகம். ஆக, போக வேண்டியவள் தங்கம்மாதான். இரண்டு மாதமாக அவளும் போகவில்லை. ஒரு தடவை கெஸ்ட் பன்னிரண்டு மணிக்குத்தான் எழுந்தார்கள். இன்னொரு தடவை எழுந்தார்கள், ஆனால் சாப்பாட்டு மேசையிலேயே கிடாரை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று மணிவரை பாடினார்கள். நல்லா பாடினார்கள் என்று வேறு சொல்ல வேண்டியிருந்தது.

இந்தத் தடவை கட்டாயம் வருகிறேன் என்று போனில் சொன்னபோது, "வரப்போ பாத்துக்கலாம்மா" என்றாள் இலக்கியா. கோபமும் இல்லை, சிணுங்கலும் இல்லை. கடன்காரனுக்குப் பதில் சொல்கிற குரல். பிள்ளை கைவிட்டுப் போகிறாள் என்று தங்கம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. இதற்கு மேலும் ஒரு மாதம் தள்ளிப்போட்டால், அப்புறம் நேரில் போய் நின்றாலும் அவள் வெளியே வந்து பார்ப்பாளா என்பதே சந்தேகம்.

அதனால்தான் சனிக்கிழமை சாயங்காலமே கூச்சத்தை விட்டுக் கேட்டாள். பெங்களூரிலிருந்து எட்டுப் பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் வனிதா என்கிற பெண்.

"ஏனுங்க கண்ணு, நாளைக்கு நான் பதினொண்ணே முக்கால் பஸ்ஸப் புடிக்கோணும். அத விட்டா நொம்ப லேட்டாயிரும், புள்ளையப் பாக்க முடியாது. நீங்க எத்தன மணிக்குச் சாப்பிடுவீங்க?"

"ஷார்ப்பா பத்து மணி அக்கா. ப்ராமிஸ்!" என்று தங்கம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள் வனிதா. "நீங்க அப்படியே எங்கம்மா மாதிரியே இருக்கீங்க."

அம்மா மாதிரியாம்!

ஞாயிறு காலை ஒன்பதே முக்காலுக்கு எல்லாம் தயார். சாமைப் பொங்கல், நாட்டுக்கோழிக் குழம்பு, இரண்டு சட்னி, கருப்பட்டிப் பணியாரம், கரைத்து வைத்த ராகி மாவு. தட்டு எட்டு, டம்ளர் எட்டு. பத்து அடித்தது, ஒரு கதவும் திறக்கவில்லை. பத்தேகால். வாசலில் ஒரு குரங்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. அதற்குக்கூடச் சாப்பாட்டு நேரம் தெரிந்திருக்கிறது.

பத்தரைக்கு அரைக்கால் டிரவுசரோடு ஒருவன் தண்ணீர் பாட்டில் தேடி வந்தான்.

"அக்கா, பன்னெண்டரைக்கு வெச்சுக்கலாமா? வனிதா இன்னும் எந்திரிக்கவே இல்ல."

"பத்துன்னு சொன்னீங்களே சாமி."

"லீவுக்குத்தானே அக்கா வந்திருக்கோம்," என்று சிரித்துவிட்டுப் போனான்.

தங்கம்மா நேராக அண்ணாதுரையிடம் போனாள். அவர் வராந்தாவில் உட்கார்ந்து போனில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புள்ளைய அடுத்த மாசம் பாத்துக்கோ தங்கம்மா. எங்க போயிரப் போகுது?"

"போன மாசமும் இதேதானுங்க சொன்னீங்க."

"கெஸ்ட்டுன்னா முன்ன பின்னத்தான் எந்திரிப்பாங்க. நாமதான் அனுசரிச்சுப் போகோணும்."

அனுசரித்துப் போவதா! யார் வாயிலிருந்து வருகிறது பார் இந்த வார்த்தை! தங்கம்மாவுக்கு உச்சந்தலைவரை ஏறியது. பதினாறு வயதில் இந்த எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்க வந்தவள் அவள். ஏழு மணிக்கு இதே வராந்தாவில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடிப்பார்கள். எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும். ரைட்டர் அண்ணாதுரை பேர் கூப்பிடுவார். கால் மணி நேரம், அவ்வளவுதான். நோட்டை மூடிவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது. இலக்கியாவுக்கு எட்டு மாதமாக இருந்தபோது ஒரு நாள் நெருப்பாய்க் காய்ச்சல். கைப்பிள்ளையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள், பத்து நிமிஷம் தாமதம். இந்த மனுஷன் தலையை நிமிர்த்தவே இல்லை. "நோட்ட மூடியாச்சு. நாளைக்கு வா" என்றார். அன்றைக்கு எங்கே போயிருந்தது இந்த அனுசரிப்பு?

தண்டவாளத் துண்டு இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது, கெஸ்ட்டுகள் பக்கத்தில் நின்று போட்டோ எடுப்பதற்காக. அடிக்கிற இரும்புக் கம்பியும் ஆணியில் இருந்தது. தங்கம்மா அதை எடுத்து ஓங்கி அடித்தாள். பங்களாவே அதிர்ந்தது.

"சாப்பாடு வெச்சாச்சுங்க! பதினோரு மணி வரைக்கும் கல்லு சூடா இருக்கும். அதுக்கு மேல அடுப்படி மூடியாச்சு!"

அண்ணாதுரை பதறி எழுந்தார். "ஏய், என்ன பண்ற நீ?"

"பேர் கூப்புடறேனுங்க."

ஒரு ஜன்னல் திறந்தது. யாரோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் படாரென்று சாத்தினார்கள். கண்ணாடி போட்ட ஒரு பையன் மட்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து மேசையில் உட்கார்ந்தான். அவனுக்குச் சுடச்சுட நான்கு ராகி தோசை வார்த்துப் போட்டாள், குழம்பை மறுபடி மறுபடி ஊற்றினாள். தங்கம்மா ஒன்றும் சோறு போட மாட்டேன் என்கிற ஜாதியில்லை. வந்தவனுக்கு வஞ்சகமில்லாமல் போட்டாள்.

சரியாகப் பதினோரு மணிக்கு அடுப்பை அணைத்தாள். எல்லாவற்றையும் மூடி மேசைமேல் வைத்தாள். தன் பங்குக்குப் பத்துப் பணியாரத்தைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு, சேலை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"முதலாளிக்கு நான் என்னத்தச் சொல்றது?" அண்ணாதுரையின் குரல் இறங்கியிருந்தது. "வேல போயிரும் தங்கம்மா."

"நோட்ட மூடியாச்சுன்னு சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாததுங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் படி இறங்கிவிட்டாள்.

குப்பனூர் வழியாக இறங்குகிற பஸ்ஸில் வளைவுக்கு வளைவு அவளுக்குக் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. வேலை போனால் போகட்டும், இரண்டு மாதத்துக்கு முன்பே இதைச் செய்யாமல் போனோமே என்று தன்மேலேயே பற்களைக் கடித்துக்கொண்டாள்.

ஹாஸ்டலுக்குப் போய்ச் சேரும்போது இரண்டேகால். கூடத்தில் ஜமக்காளம் விரித்து, பெற்றவர்களும் பிள்ளைகளும் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் சுண்டலும் டீயும் போய்க்கொண்டிருந்தன. தங்கம்மா ஒவ்வொரு கூட்டமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். இலக்கியா எதிலும் இல்லை.

"ஏ புள்ள, இங்க ரெண்டு டீ!" என்று ஒரு அம்மாள் சத்தம் போட்டாள். டீப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் அங்கே ஓடினாள். ஓடினவள் இலக்கியா.

பக்கத்தில் நின்ற வார்டன் சாதாரணமாகத்தான் சொன்னார். "பாக்க ஆள் வராத புள்ளைங்க பரிமாறுவாங்கம்மா. சும்மா உக்காந்து மத்தவங்களப் பாத்துட்டிருந்தா ஏங்கிப் போயிருவாங்கல்ல? எங்க ஊட்ல யாரும் வர மாட்டாங்கன்னு இலக்கியாவே வந்து பேர் குடுத்துட்டா. மூணாவது மாசம் இது."

இலக்கியா திரும்பினாள். அம்மாவைப் பார்த்தாள். கண் ஒரு நொடி விரிந்தது. ஆனால் ஓடி வரவில்லை.

"இரும்மா," என்றாள். "இந்த வரிசைக்கு ஊத்திப்போட்டு வந்தர்றேன். அவங்க கேட்டுட்டு இருக்காங்க."

இரும்மா! இருபது வருஷமாக அடுத்தவர்களுக்காக இருந்து இருந்து, பெற்ற மகளுக்கும் அதையே கற்றுக்கொடுத்தாயிற்று. தங்கம்மாவுக்கு வந்த ஆத்திரத்தில் கண் இருட்டியது. அந்த அம்மாள் மேல் இல்லை, வார்டன் மேலும் இல்லை. ஜமக்காளத்தின் குறுக்கே நடந்துபோனாள். மகளின் கையிலிருந்த பாத்திரத்தைப் பிடுங்கித் தரையில் நங்கென்று வைத்தாள். கூடமே திரும்பிப் பார்த்தது.

"வேணுங்கறவங்க ஊத்திக்குவாங்க. நீ உக்காரு."

இலக்கியா உட்கார்ந்தாள். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டாள்.

"ஏம்மா, இன்னிக்குக் கெஸ்ட்டு யாரும் வரலயா?"

"வந்திருக்காங்க கண்ணு," என்றாள் தங்கம்மா. "எட்டுப் பேரு. காத்துக் கெடக்கட்டும்."