மைக் இல்லாமல் ஒரு வார்த்தை

வியாழக்கிழமை மதியம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது மைக்செட் முருகேசன் போன் செய்தார். "டீச்சர், நம்ம கண்டக்டரு பூட்டாருங்க. காலையில டூட்டிக்குக் கெளம்பிக்கினு இருந்தாராம். நெஞ்சு வலிக்குதுன்னு உட்கார்ந்தவரு எழுந்துக்கவே இல்ல" என்றார். ஐயோ என்றுகூட என் வாயில் வரவில்லை. "அப்போ ஞாயித்துக்கிழமை?" என்று கேட்டேன். கேட்ட வாயில் அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. முருகேசன் போனை வைத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன என்பது எங்கள் பட்டிமன்றக் குழுவில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கண்டக்டர் சடையப்பனும் நானும் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தோம். ஊர் ஊராகப் போய் மேடையேறிப் பேசுகிற இரண்டு பேர் தங்களுக்குள் பேசிக்கொள்ளவில்லை. ஞாயிறன்று உளுந்தூர்பேட்டையில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்வதாக இருந்தோம். அதற்கு முந்தின ஞாயிறே நடந்திருக்க வேண்டியது. தள்ளிப்போட்டது நான்தான்.

அஞ்சலி போஸ்டரில் அவரை 'நாவேந்தர்' என்று போட்டிருக்கிறார்கள். பார்த்தால் அவரே சிரித்திருப்பார். கல்வராயன் மலையில் பிறந்தவர். பத்தாவதோடு படிப்பு நின்றது. கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர். மலைமேல் ஒரு பள்ளியில் நான் ஆறு வருடம் வேலை பார்த்தபோது தினமும் அந்த பஸ்தான். முன் சீட்டில் பேப்பரை விரித்து நான் உலகச் செய்தி படிப்பேன். அவர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "இன்னா டீச்சர், அமெரிக்காக்காரனும் ரஷ்யாக்காரனும் பேசிட்டானுங்களா, இல்ல இன்னும் மொறச்சிக்கினுதான் கீறானுங்களா?" என்று கேட்பார். அவரைப் பட்டிமன்றத்துக்கு இழுத்து வந்தவள் நான்தான்.

ஒருநாள் கொண்டை ஊசி வளைவில் எங்கள் பஸ்ஸுக்கு எதிரே மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி வந்து நின்றது. இரண்டு டிரைவர்களும் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மலைப் பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும். நாங்கள் ஏறிக்கொண்டிருந்தோம். சடையப்பன் இறங்கிப் போனார். லாரிக்காரரிடம் என்னவோ பேசினார், இருவரும் சிரித்தார்கள். திரும்பி வந்து விசில் ஊதி எங்கள் பஸ்ஸைப் பின்னால் எடுக்க வைத்தார். எனக்கு வந்ததே கோபம். "சட்டம் நம்ம பக்கம்தானே? நாம எதுக்கு விட்டுக்கொடுக்கணும்?" என்றேன். "சட்டம் நம்ம பக்கம்தான் டீச்சர். பள்ளம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே" என்றார். அணு ஆயுதத்தைப் பற்றி இதைவிடச் சரியாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அதே பஸ்ஸில்தான், இன்னொரு நாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "எங்க அண்ணன் வூடும் என் வூடும் பக்கத்துப் பக்கத்துலதான் கீது. அவரோட பேசிப் பதினோரு வருஷம் ஆச்சி. வரப்புத் தகராறு. யாராண்டயும் சொல்லிடாதீங்க டீச்சர்." சொல்ல மாட்டேன் என்று நானும் தலையாட்டினேன்.

மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழாவில் அந்த வருடம் தலைப்பு, 'வல்லரசுகளின் பேச்சுவார்த்தை உலகுக்குப் பாதுகாப்பா, பாசாங்கா?' எங்கள் குழுவில் பிடித்த பக்கம் என்பதெல்லாம் கிடையாது. நடுவர் ஐயா போனில் சொல்லும் அணியில் பேச வேண்டும். பேச்சால் தீராதது இல்லை என்று நம்புகிற மனிதருக்குப் பாசாங்கு அணி. தலைவர்கள் கைகுலுக்கும் படம் வந்தாலே டிவியை அணைத்துவிடுகிற எனக்குப் பாதுகாப்பு அணி.

பொழுது சாயும் நேரம், ஆற்று மணல் முழுக்கக் கூட்டம். முதலில் அவர் எழுந்தார். "நடுவர் அவர்களே, ரெண்டு பேரும் கதவ சாத்திக்கினு பேசறானுங்க. வெளிய வந்து, பேச்சு ரொம்ப நல்லா இருந்துச்சின்றானுங்க. இன்னாப்பா பேசினீங்கன்னு கேட்டா, அடுத்த தபா எங்க பேசறதுன்னு பேசினோம்ன்றானுங்க! குண்டு ஒண்ணாச்சும் கொறஞ்சிச்சா?" கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. நான் தோற்றுக்கொண்டிருந்தேன். எனக்குத் தோற்கப் பிடிக்காது.

என் முறை வந்தது. ஒப்பந்தம், கண்காணிப்பு என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தேன், கூட்டம் முறுக்கு வாங்கப் போக ஆரம்பித்தது. அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன வாயைத் திறந்தேன். "நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் சொந்த அண்ணனோட பேசிப் பதினோரு வருஷம் ஆகுது. அவருக்குப் பேச்சோட அருமை எப்படித் தெரியும்?" விசில் பறந்தது. மலையிலிருந்து திருவிழாவுக்கு இறங்கி வந்த, அவர் பஸ்ஸில் போகிறவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். தீர்ப்பும் எங்களுக்குத்தான். சடையப்பன் குறிப்புச் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது என்னைப் பார்க்கவில்லை.

அவர் குழுவை விட்டு விலகியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். விலகவில்லை. ஒவ்வொரு மேடைக்கும் வந்தார், எனக்கு எதிரணியில் உட்கார்ந்தார். பட்டிமன்றத்தில் யாரும் யாரையும் நேராகப் பார்த்துப் பேச வேண்டியதில்லையே, எல்லாவற்றையும் "நடுவர் அவர்களே" என்று அவரிடம் சொன்னால் போதும். குழு ஊர் ஊராகப் போகும் வேனிலும் நாங்கள் அப்படியே ஆனோம். "நடுவர் அவர்களே, டீச்சருக்கு ஜன்னலோரம் வேணுமான்னு கேளுங்க" என்பார். "வேண்டாம்னு சொல்லுங்க, நடுவர் அவர்களே" என்பேன் நான். மற்றவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். "நான் மேடையிலதான்யா நடுவர். கீழயாவது என்னை நிம்மதியா வுடுங்க" என்று ஐயா ஒருநாள் கத்தியே விட்டார்.

இடையில் அலைந்தது முருகேசன். மணலூர்பேட்டையில் மைக்செட் வைத்திருக்கும் அந்த நல்ல மனிதர் எங்களுக்குத் தூதுவர் ஆனார். சடையப்பனின் நிபந்தனை ஒன்றே ஒன்று: "டீச்சரு நேர்ல ஒரு வார்த்தை சொல்லட்டும். மைக்கு இல்லாம." என் நிபந்தனைகள் வளர்ந்துகொண்டே போயின. மேடையில் சொன்னது மேடையோடு போயிற்று என்று முதலில் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் மலைக்குப் போக மாட்டேன், அவர் கள்ளக்குறிச்சிக்கு வர வேண்டும். கடைசியில் இருவர் ஊருக்கும் சம்பந்தமில்லாத உளுந்தூர்பேட்டை முடிவாயிற்று. வல்லரசுகள் பேசுவதற்கு மூன்றாவது நாடு தேடுவதை எத்தனை மேடையில் கிண்டல் செய்திருக்கிறேன்! கிழமையும் குறித்த பிறகு, "அவர் ஒரு போன் பண்ணிக் கூப்பிடட்டுமே, குறைஞ்சா போயிடுவாரு?" என்று ஒரு வாரம் தள்ளிவைத்தேன்.

அந்த மூன்று வருடத்தில் அந்த வல்லரசுத் தலைவர்கள் எத்தனை முறை பேச்சை முறித்தார்கள், எத்தனை முறை மறுபடி உட்கார்ந்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. ஒரு குண்டும் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் உட்கார்ந்தார்கள். ஏவுகணையைத் திருப்பி வைத்திருப்பவர்களால் முடிந்தது, ஒரே வேனில் போய் வந்த எங்களால் முடியவில்லை. இதை நினைத்தால் எனக்கு அழுகையைவிட எரிச்சல்தான் அதிகம் வருகிறது. அவர்மேலும்தான். ஒரு முறை முகத்துக்கு நேராகத் திட்டியிருக்கலாமே மனிதர்!

எடுப்பதற்கு முன்பே மலைக்குப் போய்விட்டேன். எந்த நிபந்தனையும் இல்லாமல், முதல் பஸ்ஸில். வாசலில் நின்றிருந்த பெரியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "டீச்சருங்களா? நான் அவனோட அண்ணங்க" என்றார். பேசாத அண்ணன் இங்கே எப்படி என்று பார்த்தேன். அவரே சொன்னார்: "அன்னிக்கு ஆத்துத் திருவிழா முடிஞ்சி வந்தான் பாருங்க, நேரா என் வூட்டாண்ட வந்துட்டான். ஊரே சிரிக்குதுண்ணா, டீச்சரு சொன்னது நெசந்தானேன்னு சொல்லிக்கினே அழுதான். அதுலேர்ந்து ரெண்டு வூட்டுக்கும் ஒரே சோறுதாங்க."

"இதை ஏன் அவர் என்கிட்ட சொல்லலை?" என்று கேட்டேன். சாவு வீடு என்பதையும் மறந்து கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"நானும் கேட்டேங்க. நீங்க சொன்னதுல அவனுக்குக் கோவம் கெடையாது. நம்பிச் சொன்னத மைக்குல சொல்லிட்டாங்களேன்னுதான். டீச்சரு ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும்ணா, அப்புறம் நம்ம வூட்டுக்கே கூட்டிக்கினு வந்து சோறு போடுவேன்னு சொல்லிக்கினே இருப்பான்."

போன வாரம் கள்ளக்குறிச்சியில் நினைவேந்தல் கூட்டம் நடந்தது. உங்களில் பலர் வந்திருந்தீர்கள். நடுவர் ஐயா தலைமை. முன் வரிசையில் அண்ணன், அவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் மாலை போட்ட படம். என் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து மைக்கைப் பிடித்து, பழக்க தோஷம், "நடுவர் அவர்களே" என்று ஆரம்பித்தேன். அதோடு நிறுத்திக்கொண்டு மைக்கைக் கீழே வைத்தேன். நடுவர் ஐயா தலையைக் குனிந்துகொண்டார். ஓரத்தில் இருந்த முருகேசனைப் பார்த்தேன். அவர் புரிந்துகொண்டு ஆம்ப்ளிஃபயரை அணைத்தார்.

சடையப்பன் எனக்கு விட்டுப் போனது ஒரு வாக்கியம், பள்ளம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான் என்பது. அதை இனி எந்த மேடையிலும் அவர் பெயரைச் சொல்லியே சொல்வேன், எந்த அணியில் போட்டாலும் சரி. என்னிடம் மிச்சமிருந்த இன்னொன்று, நான் அவருக்குச் சொல்லாமல் வைத்திருந்த அந்த வார்த்தை.

மேடையிலிருந்து இறங்கிப் போய்ப் படத்துக்கு எதிரில் நின்று அதைச் சொன்னேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். பின் வரிசையிலிருந்து யாரோ, "சத்தமா சொல்லுங்க டீச்சர், ஒண்ணும் கேக்கல" என்றார்கள்.

கேட்க வேண்டியவருக்கே கேட்கவில்லை ஐயா, உங்களுக்கு எங்கே கேட்கும்.