டீக்கடை ஸ்டூலில் உட்கார்ந்து சுட்டது

என்னைப் பார்த்தவர்கள் வாயில் முதலில் வரும் வார்த்தை "உக்காரு" என்பதுதான். மூன்று வயதில் இடது காலில் போலியோ வந்தது. அன்றிலிருந்து இரும்புக் கம்பியும் தோல்வாரும் வைத்த பூட்ஸ். கல்யாண வீட்டில் பந்தி பரிமாற எழுந்தால், "நீ உக்காரும்மா." எட்டாவதோடு நின்ற என் படிப்பிலும், காலைப் பிரார்த்தனைக்கு மற்றப் பிள்ளைகள் மைதானத்தில் நிற்க, நான் மட்டும் வகுப்பில் உட்கார்ந்திருந்ததுதான் ஞாபகம். அன்பாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்த அன்பு பிடிக்காது. முருகன் சந்நிதியில் எத்தனை கூட்டமானாலும் நின்றுதான் கும்பிடுவேன்.

ஆறேழு வருஷத்துக்கு முன்னால், பர்மாவில் கொஞ்சம் அமைதியாக இருந்த சமயம், ரங்கூனில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவைப் பார்க்கப் போனேன். இருபத்தெட்டு நாள் விசா. போன மறுநாளே அக்காவும் அத்தானும் கோவிலுக்குக் கூட்டிப்போனார்கள். யாரோ ஒருவர் எனக்கென்று ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து கூட்டத்தின் நடுவில் போட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு தீபாராதனை முடியும்வரை நின்றேன்.

வீடு வரும்வரை அத்தான் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "கொண்டாந்து போட்ட மனுசனுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. இந்தத் திமிரு எங்கேருந்து வருது இவளுக்கு?" என்னிடம் சொல்லவில்லை. அக்காவிடம் சொன்னார், எனக்குக் கேட்கிற மாதிரி.

அத்தான் ஞாயிறும் புதனும் லத்தா என்கிற பேட்டையில், ஏர்கன் சுட்டுப் பழகும் ஒரு கூடத்துக்குப் போவார். மொத்த வியாபாரக் கடைகளுக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கு. பத்து மீட்டர் தூரத்தில் உள்ளங்கை அகல அட்டை, அதன் நடுவில் கறுப்பு வட்டம். ஊர் சுற்றிக் காட்டச் சொல்லி அக்கா பிடுங்கியதால் ஒரு ஞாயிறு என்னையும் கூட்டிப்போனார். சுவரோடு சேர்த்துக் கட்டிய பெஞ்சைக் காட்டி, "உக்காரு" என்றார்.

உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொருவராகக் கோட்டில், ஒரு மேசைக்குப் பின்னால் வந்து நிற்கிறார்கள், மூச்சை அடக்குகிறார்கள், டப்பென்று ஒரு சத்தம். சுட்ட ஐந்து ஈய ரவையும் கறுப்பில் விழுந்தால் அந்த அட்டையை வாசலருகே ஒரு பலகையில் குத்தி வைப்பார்கள். ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம். அசையாமல் இருப்பதுதான் மொத்த விளையாட்டும். அசையாமல் இருக்க என்னைவிடப் பழகியவர் அந்தக் கூடத்தில் யார் இருந்தார்கள்?

"அத்தான், நானும் சுடணும்."

சிரித்தார். "ரெண்டு ரவை சுட்டுட்டு போட்டோ எடுத்துக்க. ஊர்ல போய்க் காட்டலாம்."

"போட்டோ வேண்டாம். அந்தப் பலகையில என் அட்டை இருக்கணும்."

கூடத்தை நடத்துகிறவரை எல்லோரும் சயா என்றார்கள். பர்மாக்காரர்கள் வாத்தியாரை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அவரும் தமிழர்தான். என் முகத்தைப் பார்க்காமல் பூட்ஸைப் பார்த்தே பேசினார்.

"இந்தியாக்காரம்மா, இங்க எல்லாரும் நின்னுதான் அடிக்கிறது. நிக்க முடியுமா?"

"அடுப்படியில நிக்கிறேன், கோவில்ல நிக்கிறேன். இங்க நிக்க மாட்டேனா?"

"துப்பாக்கியோட விழுந்தீங்கன்னா அன்னியோட சரி. கூட்டியாந்தவரையும் சேத்து வெளிய அனுப்பிருவேன்."

அத்தான் முகம் சுண்டிப்போனது. எனக்கு அதில் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

மறுநாள் காலை அக்கா வீட்டுப் பூஜையில் நின்று கேட்டுக்கொண்டேன். உயிர் எதையும் குறி வைக்கவில்லை அப்பா, அட்டையைத்தான். வேல் பிடித்தவருக்கு இது புரியும் என்று திருநீறு பூசிக்கொண்டேன்.

புதன், ஞாயிறு, மறுபடி புதன். துப்பாக்கிக் குழாயை மடித்து ரவை போடவும், அதன் மரக்கட்டையைத் தோளில் பதித்துக் கன்னத்தை அதன்மேல் சாய்க்கவும் சயா ஒரு தடவை காட்டினார். இரண்டாம் தடவை கேட்டால், "காது நல்லாத்தானே இருக்கு?" என்பார். ரவை வெள்ளையில் விழுந்தது. சில அட்டையிலேயே விழவில்லை. பின்னால் பெஞ்சிலிருந்து ஒருவர், "சயா, அந்தச் சுவரையும் மாத்தணும்போல" என்றார். அத்தானும் சேர்ந்து சிரித்தார்.

அந்த இரண்டாவது புதனன்று சயா என் கையிலிருந்த துப்பாக்கியை வெடுக்கென்று வாங்கினார். கட்டையில் மஞ்சள் வெள்ளையாகத் திட்டுத்திட்டாக ஏதோ ஒட்டியிருந்தது. வெயிலுக்குக் குளிர்ச்சி என்று அக்கா தினமும் கல்லில் தனாக்கா என்கிற மரத்துண்டைச் சந்தனம் மாதிரி உரைத்து என் கன்னத்தில் பூசிவிடுவாள். அங்கே பெண்கள் எல்லோரும் பூசுவதுதான். என் வேர்வையில் அது கரைந்து துப்பாக்கிக் கட்டையில் ஒட்டியிருக்கிறது.

"இது துப்பாக்கியா, உங்கக்கா வீட்டுச் சந்தனக்கல்லா?" துணியைத் தூக்கி மேசைமேல் போட்டார். "தொடைங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு துடைக்கும்போதுதான் பார்த்தேன். ஐந்து ரவை சுட்டிருந்தேன். ஐந்து இடத்தில் தடம். ஒன்று முன்னால், ஒன்று பின்னால், ஒன்று கீழே. என் கன்னம் ஒரே இடத்தில் உட்காரவே இல்லை. கண் மாறுகிறது, அதனால் குறியும் மாறுகிறது. ஏன் மாறுகிறது? ஒவ்வொரு தடவையும் இடது கால் மெள்ள மடங்கப் பார்க்கும், நான் இடுப்பைத் திருப்பிச் சமாளிப்பேன், முகம் நகர்ந்துவிடும்.

அதற்கு மருந்து எனக்குத் தெரியும். நாற்பது வருஷமாக எல்லோரும் சொல்லிக்கொண்டே இருக்கிற மருந்து. அதைத்தான் என் வாயால் கேட்க வேண்டியிருந்தது. துணியை மடித்து வைத்துவிட்டுக் கேட்டேன்.

"சயா, எனக்கு உக்காந்து சுட ஒரு ஸ்டூல் வேணும்."

பின்னால் அத்தான் கையைத் தட்டினார். "பாருங்கய்யா. கோவில்ல நாற்காலி போட்டா கௌரவம் கொறையும். இங்க தானா கேக்குது."

சயா பலகையைக் காட்டினார். "அதுல இருக்கிறதெல்லாம் நின்னவங்க அட்டை. பெஞ்சு சும்மா வேடிக்கை பாக்க வந்தவங்களுக்கு. உக்காந்து அடிக்க இங்க ஒண்ணும் கிடையாது."

கிடையாது என்றால் முடியாது என்று அர்த்தம். எனக்கா புரியாது? வீட்டுக்கு வந்ததும் நேராகப் பூஜை முன்னால் போய் நின்றேன். கேட்டது தப்பு என்று ஒரு மனசு, கேட்டும் மறுத்தானே என்று ஒரு மனசு. நிற்கிறேன் என்றால் உட்காரச் சொல்கிற உலகம், உட்காருகிறேன் என்றதும் நிற்கச் சொல்கிறது. முருகா, நான் எப்போது என்ன செய்ய வேண்டும் என்பதைக்கூட மற்றவர்தான் முடிவு பண்ண வேண்டுமா என்று அழுதேன்.

ஞாயிறு வந்தது. செவ்வாய்க்கிழமை எனக்கு விமானம். கூடத்து வாசலில் ஒரு டீக்கடை. அங்கே ஸ்டூலெல்லாம் முழங்கால் உயரம்கூட இருக்காது, சிவப்பு பிளாஸ்டிக். ஒன்றில் உட்கார்ந்தால் சுடும் மேசைக்கு மேல் என் தலை மட்டும்தான் தெரியும். ஆனால் ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகினால் ஒவ்வொன்றுக்கும் நாலு விரல் உயரம் கூடும். ஆறு கேட்டேன், கையைக் காட்டி. கடைக்கார அம்மாள் பர்மா பாஷையில் ஏதோ சொன்னாள்.

"ஒடஞ்சா ஆறுக்கும் புதுசு வாங்கித் தரணுமாம்," என்றார் அத்தான். "நான் தூக்க மாட்டேன்."

"உங்களை யார் கேட்டா?"

அடுக்கோடு மார்பில் அணைத்துக்கொண்டு நானே தூக்கிப்போனேன். பூட்ஸ் சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பினார்கள். கோட்டில் கொண்டுபோய் வைத்தேன்.

"என்ன இது?" என்றார் சயா.

"உக்கார இங்க ஒண்ணும் கிடையாதுன்னீங்க. கொண்டு வந்துட்டேன்."

யாரோ சிரித்தார்கள். இந்தத் தடவை என்னைப் பார்த்து இல்லை. சயா அடுக்கைக் காலால் ஒரு உதை விட்டுப் பார்த்தார். அசையவில்லை. "விழுந்தா நான் பொறுப்பில்ல. அஞ்சே ரவை. முடிச்சிட்டுக் கெளம்புங்க."

உட்கார்ந்தேன். காலைப் பற்றி நினைக்க வேண்டியிருக்கவில்லை. முருகன் பெயரை ஒரு மூச்சுக்கு ஒன்றாகச் சொல்லி ஐந்து ரவையும் சுட்டேன். முடிந்ததும் அட்டையைப் பார்க்கவில்லை, கட்டையைப் பார்த்தேன். தனாக்கா ஒரே ஒரு இடத்தில் இருந்தது, ரூபாய்க் காசு அளவுக்கு.

சயாவிடம் அதைக் காட்டினேன். "தொடைங்க" என்றார்.

அட்டையைக் கழற்றிவந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நாலு உள்ளே. ஐந்தாவது கறுப்பின் ஓரத்தில். வெகுநேரம் அதையே பார்த்தார். பெஞ்சிலிருந்து என்னைக் கேலி பண்ணினவரே, "தொட்டா கறுப்புதானே சயா, அதானே நம்ம ரூல்" என்றார்.

"ரூல் எனக்குத் தெரியும்," என்று எரிந்து விழுந்தார்.

பலகைக்குப் போனார். மேலே நிறைய இடம் இருந்தது. அவர் கீழே குந்தி, பலகையின் அடிவிளிம்பில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் என் அட்டையைக் குத்தினார். "உக்காந்து அடிச்சது உக்காந்தே இருக்கட்டும்."

நான் நன்றி சொல்லவில்லை. ஸ்டூல்களைத் தூக்கிக்கொண்டேன், எண்ணிக் கொடுக்க வேண்டுமே. வாசலில் திரும்பிப் பார்த்தேன். அத்தான் கைலியைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு பலகை முன்னால் குனிந்துகொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடி நழுவியது.

"ஒண்ணு ஓரத்துலதான் இருக்கு," என்றார்.

"நல்லாப் பாருங்க, அத்தான்."

முட்டி மடக்கி இன்னும் கொஞ்சம் குனிந்தார்.