கண் எரியாத வெங்காயம்

வெங்காயம் நறுக்கும்போது கண் எரிந்தால்தான் எனக்கு இன்றைக்கும் நிம்மதி. எரியவில்லையென்றால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முகர்ந்து பார்ப்பேன். அதிலும் திருப்தி வராவிட்டால் முழு வெங்காயத்தையும் குப்பையில் போட்டுவிடுவேன். வீட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கென்ன.

எழுபதுகளின் கடைசியில் என் கணவருக்கு ஜவ்வாது மலையில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. நான் சந்தவாசல் பக்கத்துப் பெண். மலையைத் தூரத்திலிருந்து பார்த்து வளர்ந்தவளே தவிர, அதன்மேல் குடியிருப்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. போளூரிலிருந்து வரும் பஸ் எங்கள் பக்கம் ஒருநாள் வரும், ஒருநாள் வராது. வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தைத் தாண்டினால் காடு. கரடி வரும் என்றார்கள். நான் அந்த ஊரில் இருந்த ஆறு வருஷமும் கரடியைப் பார்க்கவில்லை, ஆனால் ஆறு வருஷமும் அதற்குப் பயந்தேன். பயப்பட வேண்டியது எதற்கு என்பது அப்போது தெரியாது.

என் கணவருக்கு இரண்டு குணங்கள். ஒன்று, எதையும் தூக்கிப்போட மனம் வராது. வளைந்த ஆணியைக்கூடத் தட்டி நிமிர்த்தி டப்பாவில் போட்டு வைப்பார். இரண்டு, நான் எதைச் சமைத்தாலும் "நல்லாருக்கு" என்பார். உப்பே போடாத குழம்பும் நல்லாருக்கும், அடிப்பிடித்த பொங்கலும் நல்லாருக்கும். கல்யாணமான புதிதில் எனக்கு அதில் பெருமை. போகப்போக எரிச்சல். வாயில் ருசி தெரியாத மனுஷனுக்கு வாய்த்தோமே என்று சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

அவர் பள்ளிக்கூடம் போன பிறகு பொழுது போகவேண்டுமே. பின்கட்டில் நாலு பாத்தி போட்டேன். அம்மா வீட்டிலிருந்து ஒரு முறம் விதை வெங்காயம் கொண்டுவந்து, பல்லுப்பல்லாகப் பிரித்து, கழுத்துவரை மண்ணில் இருக்கும்படி கார்த்திகையில் ஊன்றினேன். மலைக் குளிருக்கு வராது என்று எல்லோரும் சொன்னார்கள். வந்தது. பருத்த காயை ஊன்றிய இடத்தில் ஆறேழு குட்டி போட்டுக் கொத்தாக வந்தது. பொடிக்காயை ஊன்றிய இடத்தில் பிரியாமல் ஒரே காயாகப் பருத்து வந்தது. பச்சைத் தாளைக் கிள்ளிவந்து பொரியல் செய்வேன். பக்கத்து வீட்டம்மா வந்து இரண்டு காயைப் பிடுங்கிப்போய்ச் சாமைக் கூழோடு கடித்துக்கொள்வாள். மலைக்காரி, புளி உலுக்கவும் சாமை அறுக்கவும் போகிறவள், என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அங்கே எனக்கு இருந்த ஒரே துணை அவள்தான்.

அந்தக் கார்த்திகையில்தான் என் கணவருக்குக் கால் ஆணி வந்தது. நொண்டி நொண்டி நடப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டம்மா காட்டிலிருந்து நாலு நரிவெங்காயம் தோண்டிக்கொண்டு வந்தாள். வெளுப்பாக, உருண்டையாக, வெங்காயம் போலவே இருந்தது. இரண்டைத் தணலில் சுட்டுச் சூட்டோடு அவர் உள்ளங்காலை அதில் அழுத்தி வைத்தாள்.

"வாயில மட்டும் வெச்சிடாதீங்க வாத்தியாரே. மாடு தின்னாக்கூடத் தாங்காது. மீதிய வீசிடுங்க."

மீதி இரண்டையும் வீசச் சொல்லி நானும் சொன்னேன். "சரி" என்றார்.

மாசியில் தாள் சாய்ந்து காய்ந்ததும் தண்ணீரை நிறுத்தி, நாலு நாள் விட்டு, வெங்காயத்தைப் பிடுங்கினேன். நிழலில் உலர்த்தித் தாளோடு தாள் பின்னி அடுப்புக்கு மேலே விட்டத்தில் தொங்கவிட்டேன். கடைசிப் பாத்தியின் மூலையில் இரண்டு காய்கள் தாள் இல்லாமல் கிடைத்தன. மற்றதைவிடப் பெரிது, நிறம் மட்டும் வெளுப்பு. பொடிக்காய் ஊன்றியது ஒற்றையாகப் பருத்திருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். பின்ன முடியாததால் அவற்றைத் தனியாகக் கூடையில் போட்டேன்.

மறுநாள் காலை வத்தக்குழம்பு. கை நிறையச் சின்ன வெங்காயம் உரித்தேன், போதவில்லை. கூடையிலிருந்த பெரிய காய் ஒன்றை எடுத்துப் பாதியை நறுக்கினேன். கொஞ்சம் வழவழவென்று இருந்தது. கண் எரியவேயில்லை. மலை மண்ணில் வெங்காயத்துக்குக்கூடக் காரம் குறைந்துபோகுமோ என்று நினைத்துக்கொண்டேன். இப்படி நினைத்த என் புத்தியை எதால் அடிப்பது? சாதமும் குழம்பும் மோர்சாதமும் கேரியரில் கட்டிக்கொடுத்தேன். ஐந்து வயது மகளும் அவரோடுதான் பள்ளிக்கூடம் போவாள், அதே கேரியரில்தான் சாப்பிடுவாள்.

பன்னிரண்டு மணி வாக்கில் பாத்திரம் துலக்கும்போது விரல் இடுக்கெல்லாம் அரித்தது. புளி போட்டுத் தேய்த்தேன். அரிப்பு அதிகமானது, தோல் சிவந்து தடித்தது. என்னவோ சரியில்லை என்று பட்டது. அரிந்த மீதிப் பாதியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

அவள் கையில் வாங்கி முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள்.

"இன்னாம்மா இது, வாசமே இல்ல? எங்கருந்து எடுத்தே?"

"பாத்தியிலதான்."

"பாத்தியில நரிவெங்காயம் எப்டி வரும்?"

எனக்குப் புரிந்துவிட்டது. வீசச் சொன்னதை அவர் வீசவில்லை. வீணாகப் போவானேன், மறுபடி ஆணி வந்தால் உதவுமே என்று என் பாத்தி மூலையிலேயே ஊன்றி வைத்திருக்கிறார். ஆணி டப்பாவுக்கும் என் வெங்காயப் பாத்திக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"கொழம்புல போட்டுட்டேன்" என்றேன்.

"ஆரு தின்னாங்க?"

அவள் கேட்டு முடிப்பதற்குள் பள்ளிக்கூடத்தில் தண்டவாளத் துண்டை அடிக்கும் சத்தம் ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. சாப்பாட்டு மணி.

ஓடினேன். அவளும் என் பின்னால் ஓடிவந்தாள். "செம கசப்பு கசக்கும்மா, வாயில வெச்சதும் துப்பிடுவாங்க, பயப்படாத" என்று கத்திக்கொண்டே வந்தாள். அவளுக்கு என் புருஷனைத் தெரியாது. கசந்தால் ஊரே துப்பும், அவர் துப்பமாட்டார். என் கையால் கொடுத்தது என்று விழுங்கிவிடுவார். குழந்தையையும், "அம்மா செஞ்சது, சாப்புடு" என்று மிரட்டி ஊட்டிவிடுவார். ஓடைக் கல்லில் முழங்கால் தோல் பெயர்ந்தது எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரையும் நானே கொன்றுவிட்டேன் என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடியது.

கால் மணி நேரம் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அவர் தண்ணீர்த் தொட்டியருகே கேரியரைக் கழுவிக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"சாப்டீங்களா?"

"ஆச்சே. இன்னா இப்டி ஓடியாறே?"

"கொழம்பு எப்டி இருந்துச்சு?"

"நல்லாருந்துச்சு."

"கசக்கலியா?" என்று அத்தனை பிள்ளைகள் முன்னாலும் கத்தினேன்.

தரையைப் பார்த்தார். "கொஞ்சம்" என்றார்.

"பாப்பா சாப்டாளா?"

மகள்தான் பதில் சொன்னாள். "எனக்கு மோர்சாதம் மட்டும்தாம்மா. கொழம்பு கேட்டேன், அப்பா தரல. மொத்தமும் அப்பாவே தின்னுடுச்சு."

மகளை இழுத்துக் கட்டிக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவருக்கு ருசி தெரியும். குழந்தைக்குத் தரக்கூடாத அளவுக்குக் கசப்பு என்று தெரிந்து, கொட்டினால் நான் வருத்தப்படுவேன் என்று தான் ஒருவராகவே தின்று தீர்த்திருக்கிறார்.

அன்றைக்கு பஸ் வராத நாள். பக்கத்து வீட்டம்மா ஓடிப்போய்ப் புளி ஏற்றிக்கொண்டிருந்த லாரியைப் பாதி பாரத்தோடு கூட்டிவந்தாள். மகளை அவளிடம் விட்டுவிட்டு ஏறினோம். முதல் வளைவிலேயே அவருக்கு வாந்தி தொடங்கியது. பிறகு ஒவ்வொரு வளைவிலும். கை ஐஸாகச் சில்லிட்டது. நாடியைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். ஒன்று அடிக்கும், அடுத்தது வராது. அது வருகிறவரை நானும் மூச்சு விடவில்லை. மலை இறங்கி முடிகிறவரை என் உயிர் அந்த மணிக்கட்டில்தான் இருந்தது. அத்தனைக்கும் நடுவில் அவர், "நீ அழாத, நல்லாத்தான் இருக்கேன்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

போளூர் ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரி. வாந்தி எடுத்ததால்தான் பிழைத்தார் என்று டாக்டர் சொன்னார். அந்த இரண்டு நாளும் எப்படி இருக்கிறது என்று யார் கேட்டாலும் அவர் "நல்லாருக்கு" என்றார். டாக்டர் அதை நம்பினார், நர்ஸ் நம்பினாள். நான் நம்பவில்லை. நாடியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். எந்த நேரத்திலும் நின்றுவிடும் என்றே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலை கஞ்சி கொடுக்கலாம் என்றார்கள். இரண்டு ஸ்பூன் ஊட்டினேன்.

"எப்டி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, உடனே அவர் வாயைப் பொத்தினேன். "நல்லாருக்குன்னு மட்டும் சொல்லாதீங்க. சத்தியமா நான் செத்துப் போய்டுவேன்."

என் கையை மெதுவாக விலக்கினார். இன்னொரு ஸ்பூனைத் தானே எடுத்து வாயில் வைத்துப் பார்த்தார். பத்து வருஷப் பழக்கத்தை விடுவது அந்த மனுஷனுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று முகத்தில் தெரிந்தது.

"உப்பு பத்தல" என்றார்.

உப்பு வாங்கிவருகிறேன் என்று எழுந்து போனவள், வராந்தாவில் நின்று அழுது தீர்த்துவிட்டு, உப்பை மறந்து வெறுங்கையோடு திரும்பி வந்தேன்.