கடைசி அரை மணி நேரம்

எல்லாக் காலத்துக்கும் பிடித்த பத்துப் படங்களைச் சொல்லு என்று யாராவது கேட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. கூடப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி இதே சண்டைதான். ஆளாளுக்குப் பட்டியல் போடுவார்கள். நானும் போடுவேன், அழிப்பேன், மறுபடி போடுவேன். சங்கடம் என்னவென்றால், என் பட்டியலில் பாதிப் படங்களுக்கு முடிவு என்ன என்றே எனக்குத் தெரியாது. முதலிடத்தில் இருப்பதை மட்டும் கடைசி வரை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதன் முடிவும் தெரியாது.

இன்றைக்கும் தியேட்டரில் எனக்கு ஓரத்துச் சீட்தான் வேண்டும். கடைசி அரை மணி நேரம் நெருங்கினால் கால் தானாகச் செருப்பைத் தேடும். "உனக்கு என்ன, பஸ்ஸா போயிரும்?" என்று வீட்டுக்காரர் கடுகடுப்பார். பஸ் இல்லை, ஜீப். அதை அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் படம் முடிந்துவிடும்.

எல்லாம் அத்தையால் வந்த வினை. அப்பாவின் தங்கை. கேரள மலையில் வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில், ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் எங்களோடுதான் இருந்தாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தோட்டத்தில் வேலை. அத்தைக்கு ஸ்டோரில், உலர்ந்த ஏலக்காயைத் தரம் பிரிக்கும் வேலை. சினிமா என்றால் அவளுக்கு உயிர். கட்டப்பனைக்குத் தமிழ்ப் படம் ஆடி அசைந்துதான் வரும். அதுவரை இவளுக்குப் பொறுக்குமா? மலையிறங்கிக் கம்பத்தில் போய்ப் பார்த்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

அதற்கு ஒரு வழியும் வைத்திருந்தாள். காய் எடுக்கக் கம்பத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு விடிந்ததும் ஜீப்புகள் மேலே வரும். வந்தவை சாயங்காலம் வரை அங்கேயே நிற்கும். ஒன்றே ஒன்று மட்டும், அதன் டிரைவருக்குக் கீழே காய்கறி மண்டியிலும் லோடு இருந்ததால், ஆட்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும். மத்தியானம் காலியாகவே மேலே வரும். போகும்போது அதில் ஏறிக்கொள்வோம், வரும்போதும் அதில்தான். ஆனால் டிரைவர் அண்ணன் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார். படம் முடிய அரை மணி நேரம் இருக்கும்போதே வண்டியை எடுத்துவிடுவார்.

அதனால் எந்தப் படமானாலும் நாங்கள் பாதிச் சண்டையில் எழுந்து ஓடுவோம். அத்தையிடம் ஒரு கைக்கடிகாரம் இருந்தது. இருட்டில் பச்சையாக மினுங்கும். மிகச் சரியான நேரத்தில் என் விலாவில் முழங்கையால் ஒரு இடி விழும். கதாநாயகன் சாகக் கிடந்தாலும் சரி, இடி விழுந்தால் எழுந்துவிட வேண்டும். ஒரே ஒரு நாள் தவிர, ஜீப்பை நாங்கள் தவறவிட்டதேயில்லை. மறுநாள் ஸ்டோரில் பெண்கள் கதை கேட்பார்கள். முடிவை அத்தையே இட்டுக்கட்டிச் சொல்வாள். அவள் சொல்லும் முடிவுகளில் கதாநாயகி பெரும்பாலும் பெட்டியை எடுத்துக்கொண்டு ஒரு பஸ்ஸில் ஏறிப் போய்விடுவாள். "எங்கடி போறா?" என்று கேட்டால், "அவ இஷ்டத்துக்குப் போறா, உனக்கென்ன?" என்பாள்.

வீட்டில் படம் என்று சொல்லவே மாட்டோம். ஜாக்கெட் துணி, கண்ணாடி வளையல், இல்லையென்றால் பல்வலி. அத்தைக்கு வலித்த மாதிரி அந்த மலையில் யாருக்கும் பல் வலித்திருக்காது. என் வேலை, கேட்டால் தலையாட்டுவது. அதற்குக் கூலியாக ஒரு பால் ஐஸ் கிடைக்கும்.

எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். ஓணப் பரீட்சை முடிந்து லீவு விட்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் நாலு மணிக்கு அத்தையைப் பெண் பார்க்க உத்தமபாளையத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. மாப்பிள்ளைக்குத் திராட்சைத் தோட்டம், கிணறு, மாடி வீடு என்று தரகர் அடுக்கியிருந்தார். முதல் சம்சாரம் தாய் வீட்டோடு போய்விட்டாள், ஏதோ ஒத்துப்போகவில்லை என்று ஒரு பேச்சும் காதில் விழுந்தது. எனக்கு அதெல்லாம் முக்கியமாகப் படவில்லை. வருகிறவர்கள் லட்டு கொண்டு வருவார்களா, ஜிலேபி கொண்டு வருவார்களா என்பதுதான் என் கவலை. முந்தின நாள், "எனக்கு வேண்டாம்ணே, எத்தன தடவ சொல்றது?" என்று அத்தை அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கட்டிலில் அம்மாவின் பட்டுப்புடவை கிடந்தது. புடவையைத்தான் வேண்டாம் என்கிறாள் என்று நினைத்தேன். நல்ல புடவை, இவளுக்கு என்ன கொழுப்பு என்றுகூடத் தோன்றியது.

காலையில் அத்தை, "மதினி, கீழ போயி நல்ல மல்லியப்பூவா வாங்கிட்டு மத்தியான ஜீப்புல வந்துர்றேன்" என்றாள். அம்மா சந்தோஷப்பட்டுப் போனாள். பெண்ணுக்கு ஒருவழியாக மனசு வந்துவிட்டது என்று எண்ணியிருக்க வேண்டும். "சின்னவளயும் கூட்டிட்டுப் போ, வேகமா வந்துரணும்" என்று காசு கொடுத்து அனுப்பினாள்.

பூ வாங்கினோம். பிறகு தியேட்டருக்குப் போனோம். இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இடைவேளையில் ஐஸும் கிடைத்தது. படம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் கதாநாயகியின் அண்ணனை வில்லன் கட்டி வைத்திருந்த இடத்தில், வழக்கமாக இடி விழும் நேரம் தாண்டிவிட்டது என்று என் விலாவுக்கே தெரிந்துவிட்டது. இடி விழவில்லை.

"அத்த, நேரமாச்சு."

"இரு."

"ஜீப்பு போயிரும் அத்த!"

"பேசாம படத்தப் பாரு."

எங்கே பார்ப்பது? நாலு மணிக்கு ஆட்கள் வருவார்கள், அப்பா பெல்ட்டைக் கழற்றுவார், அம்மா மார்பில் அடித்துக்கொள்வாள் என்று என் திரையில் வேறு படம் ஓடியது. 'வெளியே' என்று சிவப்பு விளக்கு எரிந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி எழுந்தேன். அத்தை என் மணிக்கட்டை எட்டிப் பிடித்து உட்கார வைத்தாள். பிடி என்றால் பிடி, வளையல் ஒன்று பட்டென்று உடைந்தது. கீறியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தாள். பாழாய்ப்போன படத்தில் அப்படி முங்கிவிட்டாள் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. விளக்குப் போட்டு எல்லாரும் எழுந்த பிறகுதான் கையை விட்டாள்.

ஜீப் போய்விட்டது. சாயங்கால பஸ்தான் கதி. பஸ் ஏறும் வரை நான் அழுதேன். அத்தை தலை நிறையப் பூவை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். கம்பம்மெட்டு ஏற்றத்தில், ஒரு கொண்டை ஊசி வளைவில் கீழே இறங்கும் ஜீப் ஒன்றுக்கு வழிவிட்டு பஸ் ஒதுங்கி நின்றது. ஜீப்பில் வெள்ளை வேட்டியும் பட்டுப்புடவையுமாக ஏழெட்டுப் பேர், எல்லார் முகமும் உப்பியிருந்தது. மடியில் பழத்தட்டு வைத்திருந்த ஒரு அம்மாள் ஜன்னலை நிமிர்ந்து பார்த்து, "பூவு எங்க வாங்குன தாயி? வாசன இங்க வருது" என்றாள்.

"கம்பத்துலதாங்க" என்றாள் அத்தை.

ஜீப் வளைவில் மறைந்ததும் அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்று காலையிலிருந்து அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். "யாரு அத்த அது?" என்றேன்.

"யாரோ கல்யாண வீட்டுக்காரங்க. இந்தா, வீட்டுல கேட்டா உள்ளதச் சொல்லு."

"பூ வாங்க நேரமாயிருச்சுன்னா?"

"இல்ல. படம் பாத்தோம்னு சொல்லு. யாரு கேட்டாலும் சொல்லு."

எனக்குத் தலை சுற்றியது. இத்தனை நாள் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தவள், மாட்டினால் தோல் உரியும் ஒரே நாளில் உண்மை பேசச் சொல்கிறாள்! ஆனாலும் சொன்னேன். அப்பா கேட்டபோது சொன்னேன், அம்மா அழுதபோது சொன்னேன், எட்டிப் பார்த்த லயத்துப் பெண்களுக்கெல்லாம் டிக்கெட் விலையோடு சொன்னேன். பெண் பார்க்க வரும் நாளில் சினிமாவுக்குப் போனவள் என்ற சேதி மறுநாள் ஆட்களோடு ஜீப்பில் இறங்கியது. உத்தமபாளையத்துக்கு அது போய்ச் சேர ஒரு பகல் போதுமாக இருந்தது. தரகர் வெகுநாளைக்கு எங்கள் பக்கம் மலையேறவில்லை. அப்பா அடிக்கவில்லை, அத்தையோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அவள் பாட்டுக்குச் சோறு போட்டுச் சாப்பிட்டாள். இரண்டாம் தடவை குழம்பு கேட்டது இன்னும் நினைவிருக்கிறது.

பின்னால் அத்தை தனக்குப் பிடித்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள். கட்டப்பனையில் பேக்கரி வைத்திருக்கிறார், நல்ல மனிதர், எந்தப் படமானாலும் இடைவேளைக்கு முன்பே தூங்கிவிடுவார். போன மாதம், அன்றைக்குப் பார்த்த, என் பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் அந்தப் படத்தை டிவியில் போட்டார்கள். எனக்குப் பரபரவென்று வந்துவிட்டது. வழக்கம்போல் கடைசியில் உட்கார முடியவில்லை, எழுந்து அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்தேன். அத்தைக்குப் போன் போட்டேன்.

"உன் படம் ஓடுது அத்த. அந்த அண்ணன் கடைசில பொழைக்கிறானா, சாகுறானா?"

"எனக்கு எப்படிடி தெரியும்?"

"முழுசாப் பாத்தியே! நான் கதவப் பாத்துட்டு இருந்தேன், நீ படத்தப் பாத்த."

"நான் எங்க பாத்தேன்? கடியாரத்தத்தான் பாத்துட்டு இருந்தேன். ஒவ்வொரு நிமிசத்துக்கும் எந்திரிச்சிரலாமா, எந்திரிச்சிரலாமான்னு."

வளையல் கீறிய தழும்பு என் மணிக்கட்டில் இன்னும் லேசாக இருக்கிறது. இத்தனை வருஷமும், நான் ஓடிவிடக் கூடாது என்றுதான் அத்தை அப்படிப் பிடித்திருந்தாள் என்று நினைத்திருந்தேன். அந்த வரிசையில் எழுந்து ஓடிவிடக் கூடியவள் நான் ஒருத்திதான் என்று.